என் பெயரில் இன்னொருவர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு வாசகர்கள் விசாரித்திருந்தார்கள். இரண்டு பேர்... அதுவே அதிகம். நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வாரமும் வெட்கம் போகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை பத்தே முக்கால். பிரிக்பீல்ட்ஸில் ஒன்பதாம் மாடியில் என் வீடு. கீழே சாலையில் வண்டிகளே இல்லை. பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்தன. மோனோரயில் மட்டும் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் மடிக்கணினியைத் திறந்து, கிள்ளானில் இருக்கும் என் பழைய அலுவலகத்துக்குள் போனேன்.

ஆமாம், பழைய அலுவலகம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர்களுக்குச் சுங்கத்துறைப் பாரங்களை, அதாவது படிவங்களைத் தயார் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. பதினான்கு பேர், ஒரு மாடி. அங்கே இருபத்தேழு வருடம் இருந்தேன். கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஏற்பாடு செய்தார்கள். திரையில் ஒரு சின்னப் படம். அதைச் சொடுக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அலுவலகக் கணினியின் திரை அப்படியே உங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடும். இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். அங்கே நாம் உட்கார்ந்திருப்பது மாதிரியேதான்.

கட்டுப்பாடு முடிந்தது. எல்லாரும் அலுவலகம் திரும்பினார்கள். அந்த ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் எனக்கு அறுபது வயதானது. கேக் வெட்டினார்கள், ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், மேசைச் சாவியையும் அட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். என் மடிக்கணினியில் இருந்த அந்தச் சின்னப் படத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஞாபகம் இல்லை.

வீட்டில் இருக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் அது கண்ணில் பட்டது. திறக்காது என்றுதான் சொடுக்கினேன். திறந்தது.

அன்றைக்கு நான் எதையும் தொடவில்லை. சும்மா பார்த்தேன். என் பழைய திரை, நான் வைத்த அதே நீலப் பூ. ஒரு ஓரத்தில் 'மக்கான் லிஸ்ட்'. எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று பதினோரு மணிக்குள் அந்தப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். ஒருவர் போய் எல்லாருக்கும் பொட்டலம் கட்டி, தாபாவ் பண்ணி வருவார். அதைத் திறந்தேன். ஃபரிடாவுக்கு வறுத்த மீ, அதாவது மீ கோரெங், இறால் வேண்டாம். வளர்மதிக்கு வெள்ளிக்கிழமை என்பதால் சைவம். முதலாளி மிஸ்டர் சியாவுக்குச் சோறு பாதி.

சோறு பாதி என்றால் டாக்டர் மறுபடி திட்டியிருக்கிறார் என்று அர்த்தம். இருபத்தேழு வருடம் கூட இருந்தவளுக்கு இது கூடத் தெரியாதா?

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். தினமும் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். யாருடைய கோப்பையும் திறந்ததில்லை. அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பேன். யார் விடுமுறை, யாருக்கு வயிறு சரியில்லை, யார் யாரோடு சேர்ந்து ஒரே பொட்டலம் வாங்குகிறார்கள் – எல்லாம் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு மூடிவிட்டு நானும் அரிசி களைவேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பதினோரு மணிக்கு எங்கோ ஒரு இடத்தில் சாப்பாட்டுப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் நமக்கும் பசிக்கிறது.

ஒரே ஒரு முறை தப்பு செய்தேன். ஃபரிடா அன்றைக்கு எழுத மறந்துவிட்டாள். மணி பத்து ஐம்பத்தெட்டு. பட்டினி கிடப்பாளே என்று அவள் பெயருக்கு எதிரே 'மீ கோரெங், இறால் வேண்டாம்' என்று நானே தட்டிவிட்டேன். அன்று முழுக்க ஏதோ சாதித்தது போல் இருந்தது.

இப்போது அந்தப் பெருநாள் காலைக்கு வருகிறேன். அலுவலகம் ஐந்து நாள் லீவு. பட்டியலில் எதுவும் இருக்காது என்று தெரியும். தெரிந்தும் ஏன் போனேன்? பழக்கம். வேறென்ன சொல்ல...

திரை வந்தது. நீலப் பூவைக் காணவில்லை. அதன் மேல் ஒரு கறுப்புக் கட்டம், அதற்குள் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அலுவலகத்திலுள்ள கணினிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதற்குக் கீழே இன்னொரு சின்னக் கட்டம். ஏதோ கோப்புகள் நகலாகிக்கொண்டிருந்தன. பாதி தாண்டிவிட்டது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? பயம் இல்லை. 'அட, யாரோ இருக்கிறார்கள்' என்று ஒரு சந்தோஷம். இரண்டு வருடமாக அங்கே போய் வருகிறேன், ஒருவரையும் எதிரே பார்த்ததில்லை.

யாரென்று யோசிப்பதற்குள் திரை கறுத்தது. ஓர் அறிவிப்பு வந்தது. வேறொருவர் இதே பெயரில் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது.

இதே பெயரில் என்றால் என் பெயரில். நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் அங்கே இருப்பது யார்?

மறுபடி சொடுக்கினேன். உள்ளே போனேன். இந்த முறை நகலாகிக்கொண்டிருந்த கோப்புறையின் பெயரைப் படிக்க முடிந்தது. ஊழியர்கள், வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை நகல்கள், பாஸ்போர்ட் நகல்கள். அந்தக் கோப்புறைக்குப் பெயர் வைத்ததே நான்தான். அரை நிமிடத்தில் மறுபடி வெளியே தள்ளப்பட்டேன். மூன்றாவது முறை போனேன். மூன்றாவது முறையும் தள்ளினான். ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் மல்லுக்கு நிற்பது போல் இருந்தது. நாலாவது முறை என் கடவுச்சொல் தவறு என்று வந்தது. அவன் அதை மாற்றிவிட்டான்.

எழுந்து போய் கோப்பி கலக்கினேன். குடிக்கவில்லை.

சொல்ல வேண்டும். அது தெரிகிறது. ஆனால் யாரிடம், எப்படி? உங்கள் கணினிக்குள் திருடன் இருக்கிறான் என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்குப் பயந்து இருபது நிமிடம் சமையலறையில் நின்றேன். ஒரு அநாமதேயக் கடிதம் மாதிரி ஏதாவது அனுப்பலாமா என்று கூட யோசித்தேன். வெட்கம் வந்தால் மனிதருக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது பாருங்கள். அங்கே பதினான்கு பேருடைய அடையாள அட்டைகள் போய்க்கொண்டிருக்கின்றன, நான் இங்கே என் மானத்தை எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வளர்மதியைக் கூப்பிட்டேன். பதினொரு வருடம் அடுத்த மேசையில் இருந்தவள். இப்போது என் வேலையைப் பார்ப்பவள். வீடு கிள்ளானிலேயே, அலுவலகச் சாவியும் அவளிடம்தான். மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.

பிறகு மிஸ்டர் சியா. அவர் பேரா மாநிலத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தார். பின்னால் பட்டாசுச் சத்தம், குழந்தைகளின் கூச்சல். பெருநாள் வாழ்த்து என்று ஆரம்பித்தார். நான் வாழ்த்தை முடிக்கவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்... சரஸ், நீ இன்னும் உள்ளே போகிறாயா என்று.

ஆமாம் என்றேன்.

சரி, அதை அப்புறம் பேசுவோம் என்று வைத்துவிட்டார். நாலு நிமிடத்தில் மறுபடி அழைத்தார். வளர்மதி கிளம்பிவிட்டாளாம். போய் எல்லாவற்றையும் பிடுங்கிப்போடச் சொல்லியிருக்கிறாராம்.

அவர் கூப்பிட்டதும் எடுத்துவிட்டாள். நான் கூப்பிட்டு எடுக்கவில்லை. அந்த நேரத்திலும் மனம் அதைக் குறித்துக்கொண்டது. என்ன மனமோ.

யாரும் என்னை வரச் சொல்லவில்லை. ஆனாலும் கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து போய்க் கொமுட்டர் ரயிலில் ஏறிவிட்டேன். கிள்ளான் வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். இருபத்தேழு வருடம் போன பாதை. பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம், சிவப்புச் சட்டை, மடியில் ஆரஞ்சுப் பெட்டி. எனக்கும் ஒரு பழம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் மாடியேறிப் போனபோது வேலை முடிந்திருந்தது. வீட்டு உடுப்போடு, தலையைக்கூட வாராமல், வளர்மதி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிடுங்கிய கம்பிகள். எது எந்தக் கம்பி என்று தெரியாததால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டிருந்தாள். குளிர்ப்பெட்டியின் கம்பி உட்பட. என்னைப் பார்த்து வாங்கக்கா என்றாள். நான் போய்க் குளிர்ப்பெட்டியை மட்டும் திரும்பச் செருகினேன்.

கணினி நிபுணர் கெல்வின் விடுமுறை முடிந்து வந்தார். அலுவலகத்துக்குப் புதிதாக அமர்த்தியவர். முப்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கோவிட் சமயத்தில் அவசரமாக வைத்த அந்தக் கதவு, நேராக இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்ததாம். கிள்ளானில் இருக்கும் பதினான்கு பேருக்கு மட்டும் அது தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உலகத்துக்கே தெரியுமாம். இப்படித் திறந்திருக்கும் கதவுகளைத் தேடுவதற்கென்றே நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொரு கதவிலும் பெயர்களையும் கடவுச்சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். சலிக்காது, தூங்காது. எத்தனை முறை தவறாகப் போட்டாலும் எங்கள் கணினி கதவை அடைக்கவில்லை. கைப்பேசிக்கு ஒரு எண் அனுப்பிச் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை.

என் கடவுச்சொல்? என் பெயரும் நான் பிறந்த வருடமும். கெல்வின் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. நல்ல மனிதர்.

அந்த ஆள் ஒன்பது நாளாக உள்ளே வந்து போயிருக்கிறான். எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டுவதற்கான நிரலைக் கொண்டுவந்து வைத்திருந்தான். யாரும் இல்லாத விடுமுறைக்காகக் காத்திருந்திருக்கலாம் என்றார் கெல்வின். அன்று பிடுங்காமல் விட்டிருந்தால் லீவு முடிந்து திறக்கும்போது அலுவலகத்தில் ஒரு பாரம்கூட மிஞ்சியிருக்காது. பூட்டு விழவில்லை. ஆனால் அடையாள அட்டை நகல்களில் பெரும்பகுதி போய்விட்டது. போலீஸ் புகார் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினார்கள். பல வருட வாடிக்கையாளர் ஒருவர் விலகிக்கொண்டார்.

பிறகு என் முறை வந்தது. மிஸ்டர் சியாவின் அறை. அவர், கெல்வின், வளர்மதி, நான். மேசையில் ஒரு கத்தைத் தாள். மூன்று மாதத்தில் என் பெயரில் உள்ளே வந்தவர்களின் பதிவு அது. வந்த நேரம், போன நேரம், எங்கிருந்து. ஒன்பது நாள் மட்டும் எங்கோ வெளிநாட்டிலிருந்து. மீதி எல்லாம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம், பதினொன்றுக்கு ஐந்து நிமிடம், பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்... பக்கம் பக்கமாக.

நம் தனிமையை ஒரு இயந்திரம் நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மிஸ்டர் சியா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. கிறிஸ்துமஸ். அடுத்து புத்தாண்டு. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

எதற்காக உள்ளே வந்தீர்கள் என்று கெல்வின் கேட்டார். கேட்டே ஆக வேண்டும், அது அவர் வேலை. மக்கான் லிஸ்ட் பார்க்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. மற்ற இருவருக்கும் புரிந்தது. அனுமதி இல்லாமல் நுழைவது என்று பார்த்தால் சட்டப்படி நீங்களும் அவனும் ஒரே வகைதான் ஆன்டி, மன்னிக்கணும் என்றார் கெல்வின். நான் தலையாட்டினேன்.

வேலையை விட்டவர்களின் பெயரை நீக்கச் சொல்வது யார் பொறுப்பு என்று மிஸ்டர் சியா கேட்டார். என்னோடது என்றாள் வளர்மதி. ஏன் நீக்கவில்லை? மறந்துவிட்டேன் என்றாள்.

எனக்கு ஒரு கடிதம். இனி நுழையமாட்டேன், எடுத்தது எதுவும் இல்லை என்று கையெழுத்து. வளர்மதிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பதினெட்டு வருட வேலையில் அவளுக்கு அதுதான் முதல்.

வெளியே படிக்கட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மறப்பது எல்லாருக்கும் வருவதுதானே, அதற்குப் போய்க் கடிதம் கொடுத்துவிட்டாரே என்றேன்.

"நான் மறக்கலக்கா," என்றாள்.

இறங்கப் போனவள் நின்றேன்.

"ஃபரிடாவோட மீ கோரெங் யாரு எழுதினதுன்னு அவ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சி. கம்ப்யூட்டருக்குள்ள வர்றவங்க லிஸ்ட்ட போய்ப் பார்த்தேன், ஒங்க பேரு இன்னும் இருந்துச்சி. எடுத்திருக்கணும். எடுக்க மனசு வரல. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஒன்றரை வருடமாக அவளுக்குத் தெரியும். தினமும் பதினோரு மணிக்கு நான் வருவதும் போவதும். நான் ஒளிந்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்... அவள் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறாள்.

அதை உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்களுக்குத்தான் இன்னும் அசிங்கம்."

அப்புறம் கொஞ்சம் கோபமாகச் சொன்னாள். பதினொரு வருடத்தில் அவள் என்னிடம் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷத்துல ஒரு போன் பண்ணியிருக்கலாம்லக்கா. வாசல் வழியா வந்திருக்கலாம். நான் கோப்பி போட்டுக் குடுத்திருக்க மாட்டேனா?"

நீயும் கூப்பிடவில்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. கையில் எச்சரிக்கைக் கடிதத்தோடு நிற்பவளிடம் அதைச் சொல்ல முடியுமா? வரேன்மா என்று இறங்கிவிட்டேன்.

வாசகர்களே, அலுவலகம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலிருந்து நுழைய ஒரு வழி வைத்திருக்கிறீர்களா, அது யார் யாருக்குத் திறக்கிறது என்று தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். நேராக இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் அடைக்கச் சொல்லுங்கள். கைப்பேசிக்கு எண் வரும்படி செய்யுங்கள். கேக் வெட்டி வழியனுப்பும் அன்றே அவர் பெயரையும் எடுத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. எடுக்காமல் விட்டதால் என் பெயர் ஒரு திருடனுக்கு உபயோகப்பட்டது.

ஓய்வு பெறப்போகிறவர்களுக்கும் ஒன்று. நீங்களாகவே கேட்டு மூடச் சொல்லிவிட்டு வாருங்கள். திறந்திருந்தால் போவோம். நான் போனேனே. எட்டிப் பார்ப்பது சுலபமாக இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் கஷ்டம். அவர்கள் எடுக்காமல் போகலாம் இல்லையா?

இதை எழுதுவதற்கு முன் வளர்மதியைக் கேட்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கூப்பிட்டேன். எடுத்தாள். எழுதிக்கோங்கக்கா, பேரை மட்டும் மாத்திருங்க, வீட்டுக்காரர் பேப்பர் படிப்பாரு என்றாள். மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இத்தனை நாள் கேட்காமலேயே எல்லாம் தெரிந்துகொண்டு இருந்தவளுக்குத் திடீரென்று கேள்வி கேட்க வருமா? மகன் படிக்கிறானா என்றேன். படிக்கிறான் என்றாள். வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

இன்னும் கூப்பிடவில்லை. புதன்கிழமை நானே கூப்பிடப் போகிறேன்.

எடுக்காவிட்டால்... வியாழக்கிழமையும் இருக்கிறது.